வேர் எவ்வளவு ஆழம் பிடிக்கும்? சாலைச் சரிவுகளில் புல்லும் செடியும் செய்யும் வேலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் மண் அள்ளுவது அன்றாட வேலையாகிவிடும். இரவில் கனமழை பெய்தால் காலையில் ஏதோ ஒரு வளைவில் செம்மண்ணும் மரமும் சாலையை மூடிக் கிடக்கும். பொக்லைன் வரும், வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், ஒருவழியாகப் பாதை திறக்கும். அடுத்த மழைக்கு அதே இடமோ பக்கத்து இடமோ மறுபடி இறங்கும். இவை சின்னச் சரிவுகள். 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலைப்பாதையின் ஒரு பகுதியே அடித்துச் செல்லப்பட்டது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் அடுத்தடுத்து நேர்ந்த சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கணக்கில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 82 செ.மீ. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது.

ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் இரண்டு யோசனைகள் வரும். கான்கிரீட் சுவர் எழுப்புங்கள் என்பது ஒன்று. மரம் நடுங்கள், வெட்டிவேர் வையுங்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது யோசனையோடுதான் உடன்பாடு. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்: வேர் எவ்வளவு ஆழம் வரை பிடிக்கும்? இதற்கு விடை தெரிந்தால்தான் எந்தச் சரிவுக்குச் செடியே போதும், எங்கே செடியோடு இரும்பும் வேண்டும், எங்கே செடியை நம்பக் கூடாது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

வெட்டப்பட்ட மலை

கை படாத மலைச்சரிவு காலங்காலமாக மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இறங்க வேண்டியதை இறக்கிவிட்டு, தனக்கேற்ற ஒரு சாய்மானத்தில் நிற்கிறது. சாலை போடும்போது அதன் அடியை வெட்டுகிறோம். மேல்பக்கம் செங்குத்தான வெட்டுமுகம் உண்டாகிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி அகலப்படுத்தினால் அங்கே கட்டுறுதி இல்லாத கொட்டுமண் நிற்கிறது. ஒரு சாலைக்கு இரண்டு பலவீனமான சரிவுகள்.

நீலகிரியில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே அடிப்பாறை சார்னோகைட் எனும் கெட்டிப் பாறைதான். ஆனால் மேலே பார்த்தால் அந்தப் பாறையே நெடுங்காலமாகச் சிதைந்து மண்ணாகி, சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் கனமான போர்வையாகக் கிடக்கிறது. காய்ந்த நாட்களில் இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து நம்பித்தான் வீட்டுக்கும் சாலைக்கும் மலையை நெட்டாக வெட்டுகிறார்கள். அந்த உறுதியில் பெரும்பங்கு, மண்துகள்களுக்கு இடையே உள்ள கொஞ்ச ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதால் வருவது. தொடர்மழையில் இடைவெளிகள் முழுக்க நீர் நிரம்பினால் அந்த இழுவிசை போய்விடும். நிரம்பிய நீரே துகள்களைப் பிரித்துத் தள்ளத் தொடங்கும். மண்ணின் எடையும் கூடும். மூன்றும் ஒரே இரவில் நடந்துவிடுவதால்தான் நேற்று வரை நின்ற சரிவு இன்று சாலையில் கிடக்கிறது.

மண் இறங்குவது எல்லா இடத்திலும் ஒரே வகை அல்ல. மழைநீர் ஓடி மேல்மண்ணைக் கீறி, விரல் அகலக் கோடுகளாகத் தொடங்கி, பிறகு ஆள் இறங்கும் ஓடைகளாக ஆழமாவது ஒரு வகை. இது அரிப்பு. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கனமுள்ள மேல்மண் ஒரு பாளமாக வழுக்கி இறங்குவது இன்னொரு வகை. ஐந்து, பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு தளம் அறுந்து மலைப்பகுதியே நகர்வது மூன்றாவது. முதல் வகையைச் செடிகள் ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். இரண்டாவதில் நல்ல துணையாக நிற்கும். மூன்றாவதில் வேருக்கு வேலையே இல்லை, ஏனென்றால் வேர் முடியும் இடத்துக்குக் கீழேதான் மண் அறுகிறது. இலங்கையில் 2014 அக்டோபரில் மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை மூடிய மண்சரிவை நினைத்துப் பாருங்கள். அந்த அளவு இறக்கத்தை எந்தப் புல்லும் நிறுத்தியிருக்காது. அங்கே தேவைப்பட்டது மக்களை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றுவது.

வேர் செய்வது

முதலில் மண்ணுக்கு மேலே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் தரையில் மோதுகிறது. வெறும் மண்ணில் அந்த மோதலே துகள்களைத் தெறிக்கச் செய்கிறது, தெறித்த துகள்களை ஓடும் நீர் எடுத்துச் செல்கிறது. தரையை ஒட்டிய புல் இந்த இரண்டையும் தடுக்கிறது. இங்கே உயர்ந்த மரத்தால் பெரிய பயன் இல்லை. இலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியதாக இருக்கலாம், எட்டு ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதுவும் ஏறக்குறைய முழு வேகத்தை எட்டிவிடும். அடியில் புல் இல்லாத தேக்குத் தோப்புகளில் மண் மோசமாக அரிப்பதற்கு இதுதான் காரணம். மண்ணைக் காப்பதில் முதல் மரியாதை தரையோடு கிடக்கும் புல்லுக்கே.

மண்ணுக்கு உள்ளே நடப்பது வேறு. மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். வேர் அதற்கு நேர்மாறு. இரண்டும் சேர்ந்தால் கம்பி போட்ட கான்கிரீட் மாதிரி ஒரு கலவை கிடைக்கிறது. மலேசிய மலைச்சாலைகளில் பணியாற்றிய தாய்லாந்துப் பொறியாளர் டிட்டி ஹெங்சாவோவனிச், நிலவீரா என்பவரோடு சேர்ந்து 1996-ல் வெட்டிவேரின் வேர்களை இழுத்துப் பார்த்து அளந்தார். சராசரி இழுவலிமை 75 மெகாபாஸ்கல், அதாவது மென் எஃகின் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இந்த எண்ணை வெட்டிவேர் பற்றிப் பேசும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

அதே ஆய்வில் உள்ள இன்னொரு கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 15 செ.மீ. இடைவெளியில் நட்டு இரண்டு ஆண்டு வளர்ந்த வேலி, கால் மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெட்டுவலிமையை, அதாவது மண் அறுந்து வழுக்காமல் எதிர்த்து நிற்கும் திறனை, 90 சதவீதம் கூட்டியது. அரை மீட்டரில் 39 சதவீதம். ஒரு மீட்டரில் 12.5 சதவீதம். வெட்டிவேர் நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆழத்தில் இருப்பவை சில வேர்கள். மண்ணைப் பிடிக்கும் அளவுக்கு அடர்த்தி மேல் ஒரு மீட்டரில்தான் இருக்கிறது. ‘மூன்று மீட்டர் வேர்’ என்று விளம்பரம் செய்து மூன்று மீட்டர் ஆழச் சரிவைப் பிடித்துவிடலாம் என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

இவை தவிர, செடி மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. இரண்டு மழைகளுக்கு இடையே மண் சீக்கிரம் உலர்வதற்கு இது உதவும். மூன்று நாள் விடாமல் பெய்யும் மழையில் இதை நம்ப முடியாது.

குண்டலுப்பேட்டையிலிருந்து உலகத்துக்கு

ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் ஊர் குண்டலுப்பேட்டை. அந்தப் பகுதி விவசாயிகள் நூறாண்டுக்கும் மேலாக வயல் எல்லைகளில் வெட்டிவேரை வரிசையாக நட்டு வந்திருக்கிறார்கள். 1980-களில் உலக வங்கிக்காக இந்தியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் கிரிம்ஷா, ஜான் கிரீன்ஃபீல்ட் இருவரும் வெட்டிவேரை மண்காப்புக்கான எளிய வழியாக உலகெங்கும் எடுத்துச் சென்றார்கள். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தன் திட்டங்களில் சேர்த்துக்கொண்டார். 2000-களில் வியட்நாம், ஹோ சி மின் நெடுஞ்சாலையின் வெட்டுமுகங்களில் பெரிய அளவில் நட்டது. நம் பக்கத்தில் கொங்கண் ரயில்வே தன் மண்சரிவுப் பாதுகாப்புப் பணிகளில் வெட்டிவேரையும் சேர்த்தது. நம் வயல் வரப்பில் இருந்த ஒரு வழக்கம் உலகம் சுற்றிவிட்டு, நம் சாலைகளுக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் போலத் திரும்பி வந்திருக்கிறது. வருத்தமாக இருந்தாலும், வந்ததே என்று எடுத்துக்கொள்கிறேன்.

தென்னிந்திய வெட்டிவேர் வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது முளைக்கும் விதை கொடுப்பதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் பெருகும். அதனால் சாலையில் நட்டது பக்கத்துத் தோட்டத்துக்குள் களையாகப் பரவாது. நடுவதிலும் பெரிய நுட்பம் இல்லை, ஒழுங்குதான் வேண்டும். தூரைப் பிரித்து, இலையையும் வேரையும் கத்தரித்து, சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உயரத்தில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் போதும். வரிசையில் ஒரு சின்ன இடைவெளி விட்டால்கூட தடுக்கப்பட்ட நீர் முழுதும் அந்த வழியே பாயும், அரிப்பு முன்னைவிட மோசமாகும். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, வேர் பிடிக்கும் வரை மழை தவறினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலி அடர்வதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

வெட்டிவேர் எல்லா இடத்துக்கும் ஆகாது. நிழலைத் தாங்காது. அடர்ந்த மரங்களுக்கு அடியில் நட்டால் மெலிந்து போகும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியின் குளிரிலும் உறைபனியிலும் வளர்ச்சி மந்தம். மலையின் கீழ்ப்பகுதியில் உள்ள பர்லியார் பக்கம் செழிக்கும் புல்லை அப்படியே தொட்டபெட்டா சாலைக்கு ஏற்றினால் அதே பலன் கிடைக்காது. மேல்மலைக்கு அங்கேயே விளையும் சோலைப் புல்வெளிப் புற்களைத்தான் தேட வேண்டும். அவற்றை நாற்றாக வளர்த்துக் கொடுக்கும் பண்ணைகள் போதுமான அளவில் உருவாக வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். கடலூர் மாவட்டக் கடலோர மணலில் வெட்டிவேரை வேருக்காகவே பயிரிடுகிறார்கள். ஓராண்டுக்குப் பிறகு தோண்டி எடுத்து விற்கிறார்கள். விலைபோகும் வேர் சாலையோரச் சரிவில் இருந்தால் அதையும் யாராவது தோண்டலாம். ஒரு தூர் தோண்டினால் அந்த இடத்தில் சரிவு இளகிவிடும். நேபாளத்தில் இதற்கு ஓர் அழகான மாற்றைப் பார்க்கிறோம்.

நேபாளம் கற்றுக்கொண்டது

கிழக்கு நேபாளத்தில் தரானிலிருந்து தன்குட்டா வரை பிரிட்டன் உதவியோடு போடப்பட்ட மலைச்சாலை, சாலைச் சரிவுகளில் செடிகளைப் பயன்படுத்தும் முறைக்கு ஒரு பயிற்சிக்களமாக அமைந்தது. அங்கும் பிற சாலைகளிலும் கிடைத்த அனுபவத்தை வைத்து, 1990-களின் இறுதியில் நேபாளச் சாலைத் துறை தன் பொறியாளர்களுக்காகக் கையேடே கொண்டுவந்தது. அந்தக் கையேட்டின் அணுகுமுறைதான் என்னைக் கவர்ந்தது. எந்தச் செடி நடலாம் என்று அது தொடங்குவதில்லை. இந்தச் சரிவுக்கு என்ன வேலை தேவை என்று கேட்கிறது. உருண்டு வரும் மண்ணைப் பிடிப்பது, மேற்பரப்பைக் கவசமாக மூடுவது, மண்ணுக்கு வலுவூட்டுவது, மேல்மண்ணைக் கீழடுக்கோடு கட்டுவது, அடியிலிருந்து தாங்குவது, நீரை வடிப்பது என ஆறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் கல்கட்டு வழியும் உண்டு, செடி வழியும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

உதாரணமாக, புல்லைச் சமமட்ட வரிசையில் நட்டால் கவசம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். ஈரம் தேங்கி வழுக்கும் மண்ணில் அது ஆபத்து. அங்கே வரிசையை மேலிருந்து கீழாகவோ சாய்வாகவோ நட்டால் நீர் வேகமாக வடிந்துவிடும். புல் அதே புல், நடும் திசையால் வேலை மாறிவிடுகிறது. மூங்கிலை அடிவாரத்தில் வைத்தால் மேலே இருக்கும் மண்ணைத் தாங்கும். அதையே சரிவின் உச்சியில் வைத்தால் அதன் கனம் மண்ணைக் கீழே இழுக்கும். பச்சைக் கிளைகளை வெட்டி வரப்புபோல அடுக்கிப் புதைப்பதும் உண்டு. கிளை துளிர்ப்பதற்கு முன்பே அது ஒரு தடுப்பாக வேலை செய்யத் தொடங்கிவிடும். நம்மூர்க் கிளைரிசிடியா, பூவரசு இரண்டும் போத்து நட்டால் துளிர்ப்பவை. தாழ்ந்த சரிவுகளில் இதற்கு முயன்று பார்க்கத் தகுந்தவை.

அம்லிசோ என்று அங்கே சொல்லும் துடைப்பப் புல்லைச் சாலையோரங்களில் நிறைய நட்டார்கள். அதன் பூந்தண்டுகளை அறுத்துத் துடைப்பம் கட்டி விற்கலாம், இலை மாட்டுக்கு ஆகும். வேரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. காசு வரும் பயிர் என்பதால் ஊர்க்காரர்களுக்கு அதைக் காப்பாற்றுவதில் அக்கறை இருக்கிறது. செடியைத் தேர்ந்தெடுக்கும்போது வேரின் வலிமையோடு, அந்த ஊர் மக்கள் அதன் எந்தப் பகுதியை எடுப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மண் ஆணியும் விதைக் கலவையும்

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை அண்மை ஆண்டுகளில் நீலகிரிச் சாலைகளில் ‘மண் ஆணி’ முறையோடு ‘ஹைட்ரோ சீடிங்’ முறையையும் சேர்த்துக் கையாளத் தொடங்கியிருக்கிறது. சரிவுக்குள் துளை போட்டு, இரும்புக் கம்பிகளைச் செருகி, சிமெண்ட் கலவை ஊற்றி இறுக்குவது மண் ஆணி. கம்பிகளின் தலையை இணைத்து மேலே வலை போர்த்துவார்கள். பிறகு விதை, உரம், நார்ச்சத்துள்ள மூடாக்கு, ஒட்டும் பசை எல்லாவற்றையும் நீரில் கரைத்துக் குழாய் வழியாக அதன் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். ஆள் நின்று நட முடியாத செங்குத்து முகத்திலும் புல் முளைக்கும். இந்தச் சேர்க்கை எனக்குச் சரியாகப் படுகிறது. வேர் எட்டாத ஆழத்தைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. கம்பிகளுக்கு நடுவே உள்ள மேல்மண்ணைப் புல் பார்த்துக்கொள்கிறது. கல்சுவர் மட்டும் கட்டியிருந்தால் பின்னால் நீர் தேங்கி, வடிதுளைகள் அடைபட்டால் சுவரையே தள்ளிவிடும்.

ஆனால் எந்த முறையானாலும் நீர் முதலில் வழிமாற வேண்டும். சரிவின் உச்சியில் மேல்வடிகால் இல்லாமல், மேலே இருக்கும் குடியிருப்புகளின் கழிவுநீர் மண்ணுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தால், குப்பை அடைத்த சிறுபாலம் நீரைத் திருப்பிச் சரிவின் மேல் விட்டால், அங்கே எந்தப் புல்லும் நிற்காது. சரிவைக் காப்பாற்றும் மிக மலிவான கருவி, மழைக்கு முன் வடிகாலில் இறங்கும் ஒரு மண்வெட்டி.

சமவெளியில் கதை எளிது. பாலங்களுக்கு ஏறும் உயர்ந்த மண்கரைகளில் முதல் மழையிலேயே கோடுகோடாக மண் அரிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரை போட்டவுடன் புல் பத்தை பதிப்பதும், மேலே தென்னை நார் வலை விரித்து விதைப்பதும் போதும். சணல் வலை ஓரிரு ஆண்டில் மக்கிவிடும், தென்னை நார் அதைவிட நீடிக்கும், அதற்குள் புல் வேரூன்றிவிடும். பொள்ளாச்சியில் அவ்வளவு தென்னை நார்த் தொழில் இருக்கும்போது, நம் கரைகளில் இது பரவலாகாமல் இருப்பது எனக்கு ஆதங்கம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற மணற்பாங்கான இடங்களுக்கு அடும்பும் ராவணன் மீசையும் இயற்கையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கொடியும் புல்லும்.

இதற்கெல்லாம் விதிமுறை இல்லாமல் இல்லை. சாலைக் கரைகளின் அரிப்பைத் தடுக்க சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 1974-லேயே ஐ.ஆர்.சி. 56 என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்து, 2011-ல் திருத்தியும் வெளியிட்டது. 2015-ல் வந்த மத்திய அரசின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவீதத்தைச் செடி கொடிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் நெடுஞ்சாலைகளில் கண்ணில் படுவதெல்லாம் நடுத்திட்டின் பூச்செடிகளும் ஓர மரவரிசையும்தான். கான்கிரீட் சுவர் கட்டிய சில வாரங்களிலேயே முழு வலிமைக்கு வந்துவிடுகிறது. புல்லுக்கு நட்ட அன்று வலிமையே இல்லை, இரண்டு மழைக்காலம் கடந்தால்தான் வருகிறது. நட்ட அன்று எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டால் அதன் பிறகு தண்ணீர் ஊற்றவும், செத்த இடத்தில் மறுபடி நடவும், ஆடு மாட்டை விரட்டவும் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிந்து உயிரோடு இருப்பதை எண்ணிக் கடைசித் தவணையைக் கொடுப்பதுபோல ஒப்பந்தம் எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெட்டும்போது

நடுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வெட்டுவதைப் பற்றிப் பேசுவது குறைவு. மரம் விழுந்து விபத்து நேர்ந்தால் சாலையோர மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டச் சொல்லிக் கோரிக்கை எழும். இதில் நியாயம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சீகை (வாட்டில்) மரங்கள் ஆழமாக வேர் விடாமல் காற்றில் சாய்பவை. செங்குத்து வெட்டின் விளிம்பில் நிற்கும் உயர்ந்த மரம், காற்றில் ஆடும்போது வேர்ப்பகுதியையே நெம்பும்; விழும்போது ஒரு வண்டி மண்ணையும் சேர்த்து இழுத்து வரும். அந்நிய மரங்களை அகற்றும் வேலையும் இப்போது மலைகளில் நடக்கிறது, அது சோலைக் காடுகளுக்கு நல்லது.

ஆனால் அமெரிக்காவின் அலாஸ்காவில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில், டி.எச். வூவும் அவருடைய சகாக்களும் 1979-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே நினைவில் வைக்க வேண்டும். காடு வெட்டிய சரிவுகளில் வேர்கள் மக்க மக்க மண்ணின் உறுதி குறைவதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். மரத்தை வெட்டிய ஆண்டில் சரிவு நன்றாகத்தான் நிற்கும், ஏனென்றால் செத்த வேரும் கொஞ்ச காலம் பிடித்திருக்கும். பழைய வேர் மக்கி, புது வேர் இன்னும் வலுக்காத இடைக்காலம்தான் ஆபத்து. பொதுவாக அது வெட்டிய மூன்றாவது ஆண்டு வாக்கில் தொடங்கிப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட நீடிக்கலாம். அதற்குள் மரம் வெட்டியதை எல்லோரும் மறந்திருப்பார்கள். சரிவு இறங்கும்போது மழையை மட்டுமே குறை சொல்வோம்.

ஆகவே சாலைக்கு மேலே மரம் அகற்றும்போது அடிமரத்தை விட்டு அறுக்க வேண்டும், பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கக் கூடாது. ஒரே ஆண்டில் முழுச் சரிவையும் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். அறுத்த அதே மழைக்காலத்தில், அடிமரங்களுக்கு இடையிலேயே புல்லையும் சோலைக்குரிய புதர்களையும் நட்டுவிட வேண்டும். மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் தாளிலேயே இந்த நடவையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம்.